ஷுய்-மூ அன்பளிப்பு

— சிரிச்சுக்கிட்டே சோறு போடுன்னு எங்க மேடம் சொல்லிட்டுப் போயிருக்காங்க முதலாளி. சோறு போட்டுட்டேன். சிரிப்புதான் வரமாட்டேங்குது.

— நீ சிரிக்க வேணாம் சூ-யிங். சூப்புல உப்பு சரியா இருக்கு, அது போதும். பெயிண்டர் எங்க? வேனோட அந்தப் பக்கம் அப்படியே கிடக்கு.

— டீ குடிக்கப் போனான். வராமலே இருந்தா நல்லது. இந்த மையத்து மாற்றுத்திறனாளிப் புள்ளைங்களுக்காக நாங்க கேட்டது, யூ-டிங்கோட சக்கர நாற்காலி ஏறுற மாதிரி ஒரு வேன். நீங்க குடுத்திருக்கிறது எலெக்‌ஷன் வண்டி. மைக் ஒண்ணுதான் குறைச்சல்.

— ஏம்மா, ஓசி வண்டிக்கு இவ்வளவு வாயா?

— வாய் என்னோடது. அதை யாரும் தானமாக் குடுக்கல. எழுத்தைப் பாருங்க, 'லியாவ் ஷுய்-மூ அன்பளிப்பு'! 'லியாவ்'ங்கிற எழுத்துக்குள்ள ஒரு பன்னியையே கட்டி வைக்கலாம். எங்க மையத்தோட பேரு கீழே எறும்பு ஊர்ற மாதிரி. நல்ல வேளை, பக்கக் கதவைத் தள்ளித் திறந்தா உங்க பேரு பாதி மறைஞ்சு போகுது. அந்த நேரம் மட்டும் கண்ணுக்குக் குளிர்ச்சி.

— தீவனக் கடைக்காரன் எழுத்து அப்படித்தான் இருக்கும்.

— போன மாசம் ஒரு சங்கத்துப் பொம்பளைங்க வந்தாங்க. அரிசி மூட்டைய அடுக்கி, அவங்க பேரு போட்ட சிவப்புத் துணிய எங்க புள்ளைங்க கையில குடுத்து, உச்சி வெயில்ல நிக்க வச்சு போட்டோ. அரிசியில பாதி வண்டு. நீங்க அவங்களைவிடக் கெட்டிக்காரர். துணிக்குப் பதிலா சக்கரம் வச்சுட்டீங்க.

— சக்கரம் வேணும்னுதான் வச்சேன். உங்க மேடம்கிட்ட இன்னொண்ணும் சொல்லிட்டேன். வண்டி தினமும் சந்தை வழியா, கோயில் வாசல் வழியா, எங்க தெரு வழியாத்தான் வரணும். எங்க வீட்டு முன்னாடி மெதுவா.

— நல்லா இருக்கு போங்க! சாமி ஊர்வலம் தோத்துச்சு. வாயில பாக்கை அதக்கிக்கிட்டு, வாசல்ல நின்னு உங்க பேரை நீங்களே ரசிக்கவா?

— நான் இல்ல. எங்கம்மா பாக்கணும். நாள் முழுக்க வாசல்லதான் உக்காந்திருப்பாங்க.

— ஓ, மகன் பெருமையா! ஜியா-ஹாவோட அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? இந்த வேன் தெருவுக்குள்ள வந்தா அவனை அனுப்ப மாட்டாங்களாம். பழைய வேன்ல ஒரு எழுத்து கிடையாது. போனோம், ஏத்தினோம், வந்தோம், யாரும் திரும்பிப் பாக்கல. இது வந்தா ஊரே நின்னு படிக்கும். விடிஞ்சதும் ஷூவை மாட்டிக்கிட்டு எங்களுக்காகக் காத்து நிக்கிற புள்ள அவன். இனிமே வீட்டுக்குள்ளேயே கிடப்பான். எல்லாம் உங்க பேருக்காக.

— பெத்த புள்ளைய ஒளிச்சு வைக்கிறவளுக்கு வக்காலத்து வேறயா?

— பன்னிக்குத் தீவனம் வித்துக் கொழுத்தவருக்கு அவங்க பட்ட பாடு என்ன தெரியும்? உங்க வீட்டுல அப்படி ஒரு புள்ள இருந்திருந்தா...

— இருந்துச்சு.

— என்னது?

— அந்தக் கிண்ணத்தைக் கீழ வை. ஷுய்-மூ நான் இல்ல. என் பேரு ஷுய்-ஷெங். ஷுய்-மூ எங்க அண்ணன்.

— அண்ணனா? ஊர்ல எல்லாரும் உங்களைத் தீவனக் கடை முதலாளின்னுதான் சொல்றாங்க, பேரு யாருக்குத் தெரியும்? ஆனா அந்த வீட்டுக்கு ஒரே ஆம்பளப் புள்ளன்னுல்ல...

— அம்மா அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. பன்னிக் கொட்டாய்க்குப் பின்னாடி ஒரு ரூம். தாழ்ப்பாள் வெளியில. என் கல்யாணம் பேச வந்தவங்க, அங்க என்ன சத்தம்னு கேட்டாங்க. அம்மா டீயை ஊத்திக்கிட்டே, பன்னிதான்னாங்க. அண்ணன் எங்க வாசலைத் தாண்டினது சவப்பெட்டியிலதான். அதுவும் இருட்டு பிரியறதுக்கு முன்னாடி.

— ஐயோ முதலாளி...

— அவன் பேரை அந்த வாசல்ல யாரும் வாய்விட்டுச் சொன்னதில்ல. இப்ப சந்தைக்காரன் படிக்கட்டும். கோயில்காரன் படிக்கட்டும். அம்மா உக்காந்து காலையிலயும் சாயங்காலமும் படிக்கட்டும். என்ன அப்படிப் பாக்குற? இன்னும் திட்டணும்னா திட்டு.

— திட்டத்தான் போறேன். ஜியா-ஹாவோட அம்மாகிட்ட நானே போய் உக்காந்து பேசிக்கிறேன், அதை விடுங்க. உங்களுக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா? பெயிண்டர் வந்ததும் இதை மொத்தமா அழிச்சுட்டு ஜன்னலுக்கு மேல, இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் எழுதச் சொல்லுங்க. மறுபடியும் அவரைக் கதவுக்குப் பின்னாடி வைக்காதீங்க.