வயரை நீட்டப் போன பிஜு

முதல் குண்டு சமையல் கொட்டகை மேல் விழுகிறது. அடுத்தது தண்ணீர்த் தொட்டியருகில். விசில் சத்தம் வருகிறது. நிற்கிறது. பிறகுதான் இடி. பதுங்குகுழியின் கூரையிலிருந்து மண் கொட்டுகிறது.

"எலே, தலையக் குனி!" பிஜு கத்துகிறான்.

வியாழக்கிழமை சாயங்காலம். வடக்கு எல்லை. மலைமுகட்டில் எங்கள் காவல்முகாம். நான் குளத்தூர்க்காரன். பிஜு ஆரியங்கோடு. இரண்டும் தெற்கே கேரள எல்லையில், பாறசாலைப் பக்கம். இருவரும் ராணுவத்தில் சிக்னல் பிரிவு. எங்களுக்குள் ஊர்ப்பேச்சுதான்.

டெலிபோன் கம்பி காலையிலேயே அறுந்திருந்தது. கையில் வைத்திருந்த சிறிய வயர்லெஸ் செட் மலையைத் தாண்டாது. மிச்சம் ஒரு ஹெச்.எஃப். ரேடியோ. அதன் அலை வானத்துக்கு ஏறும். காற்றுமண்டலத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி மலைக்கு அந்தப்புறம் இறங்கும். பகல் முழுக்க அப்படித்தான் தலைமையகத்தோடு பேசினோம்.

வெயில் இறங்கியதும் குரல் தேய்ந்தது. இரைச்சல் மட்டும். பகலில் திரும்பி வந்த அலை இப்போது வானத்தைத் துளைத்துக்கொண்டு போய்விடும். குறைந்த அலைவரிசைக்கு மாற வேண்டும். அதற்கு ஆன்டெனா வயர் இன்னும் நீளமாக வேண்டும். வயர் வெளியே, இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டியிருக்கிறது.

கீழே எங்களுக்கு மாற்று ஆட்களோடு லாரிகள் புறப்பட்டிருந்தன. குண்டுகள் இப்போது அந்தச் சாலையிலும் விழுகின்றன. வருகிறவர்களுக்கு அது தெரியாது.

"நான் போறேன். நீ செட்ட விடாத."

"கொஞ்சம் பொறு மக்கா. இது நிக்கட்டு."

"நிக்காது. வண்டி வருதாக்கும்."

வயர்ச்சுருளோடு ஊர்ந்து போனான். இரண்டு குண்டுகள் தள்ளி விழுந்தன. பிறகு அவன் குரல்.

"கெட்டியாச்சு! விளி!"

அழைத்தேன். லாரிகளை நிறுத்துங்கள் என்று இந்தியில் திரும்பத் திரும்பச் சொன்னேன். இரைச்சலுக்குள்ளிருந்து பதில் வந்தது. அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அப்போது விசில். மிக அருகில். அதற்குப் பின் என் வலது காதில் எதுவும் கேட்கவில்லை.

வெளியே ஓடினேன். பிஜு கம்பத்தடியில் கிடந்தான். கையில் இடுக்கி. வயர் அறுந்திருக்கவில்லை. அவனுக்கு உயிர் இல்லை.

பின்னால் வந்த லாரிகள் நின்றுவிட்டன. முதல் லாரி அதற்குள் வளைவைத் தாண்டியிருந்தது. அதில் ரேடியோ கிடையாது. அது எரிவதை மேலிருந்து பார்த்தேன்.

விடிந்ததும் இறந்தவர்களின் பெயர்களை நான்தான் அனுப்பினேன். ஒவ்வோர் எழுத்தாக. பிஜுவின் பெயர் அந்தப்பக்கம் சரியாக விழவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். மறுபடியும் கேட்டார்கள்.

ஆரியங்கோட்டில் ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் அவன் வீடு. பெட்டியை இறக்கினோம். அவன் மனைவி ஷீபா என்னிடம் வந்தாள்.

"அங்க வேற ஆளே இல்லியா அண்ணே, இவரு போவதுக்கு?"

ரேடியோவை விட்டு நான் எழ முடியாது என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது. நின்றுபோன லாரிகளில் பிழைத்தவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. அவர்களில் ஒருவரும் இந்தப் பாறசாலைப் பக்கம் வந்ததில்லை.

நாங்கள் இழந்தது. பிஜு. கொட்டகையில் இருந்த சமையல்காரர். முதல் லாரியில் டிரைவரோடு ஒன்பது பேர். என் ஒரு காது. அந்த மலைமுகடும்தான். அடுத்த வாரம் அதை விட்டுக் கீழே இறங்கும்படி உத்தரவு வந்தது.