வில் நாளில் ஒரு துவக்கு

எனக்குத் தொலைபேசியில் பேச வராது. எதிரில் இருப்பவரின் முகம் தெரியாவிட்டால் சொற்கள் தடுமாறும். நேரில் பேசுவதும் அவ்வளவு சுலபமில்லை. அதனால்தான் எழுதித் தரலாமா என்று கேட்டேன். தமிழிலேயே எழுதலாம், பேனாட் அண்ணன் மொழிபெயர்ப்பார் என்றீர்கள். நன்றி. பேனாட் அண்ணன் எங்கள் கோயிலில் பாடற்குழுவில் இருப்பவர். இதை வாசித்த பிறகு அவர் என் முகத்தைப் பார்க்க மாட்டார்.

நீங்கள் றொனியின் வழக்கறிஞர். அந்த வேட்டைத் துவக்கைத் தூக்கலாம் என்று அவருக்கு யார் சொன்னது என்று ஐந்து வாரமாகத் தேடுகிறீர்கள். அவர் சொல்ல மறுக்கிறார். சொன்னது நான். என் பெயர் யூலியானா. றொனி என் அக்காவுக்கு நிச்சயிக்கப்பட்டவர்.

அது மட்டும் என்றால் ஒரு வரியில் முடிந்திருக்கும்.

எங்கள் வீடு நகரின் பழைய பகுதியான அல்பெர்கேரியாவில், சந்தைக்குப் பின்னால், நான்காம் மாடி. மின்தூக்கி இல்லை. அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதில்லை. வாரம் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கக் கொண்டுபோக வேண்டும். படியில் இறக்க இருபது நிமிடம், ஏற்ற நாற்பது. அம்மா இல்லை. நான்கு வருடமாக அதைச் செய்தது அக்கா அகஸ்ரீனா.

நான் யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படித்துவிட்டு வந்தவள். பொலிதேயாமா அரங்குக்கு அருகில் ஒரு வேட்டைக்காரர் சங்கத்தின் அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கச் சேர்ந்தேன். சுவரில் மாட்டியிருந்த காட்டுப்பன்றிப் படத்தில் பல்வரிசை பிழையாக இருந்தது. ஒரு நாள் அதைச் சொல்லிவிட்டேன். அதன் பிறகு பாதி நாள் துடைப்பம், பாதி நாள் மேசை. உரிமம் எடுக்க வருபவர்களுக்கான பாடக் குறிப்புகளை நான்தான் தயாரித்தேன்.

சங்கத்துக்கு மலைப்பக்கம் ஒரு வேட்டைக் காணி உண்டு. அங்கே புதன்கிழமை வில் நாள். பன்றிக்கு வில், திரும்பும் வழியில் முயலுக்குத் துவக்கு என்று சிலர் இரண்டையும் கொண்டுவருவார்கள். அதற்கு ஒரு விதி இருக்கிறது. வில் கையில் இருக்கும்வரை துவக்கில் தோட்டா இருக்கக்கூடாது. அது மூடிய உறைக்குள், அதே ஆளின் முதுகில் இருக்க வேண்டும். உரிமம் இல்லாதவர் அந்த உறையைத் தூக்கக்கூடாது. பாடக் குறிப்பில் இதற்கு நான் எழுதிய விளக்கம்: வில்லை இழுப்பவருக்கு இரண்டு கையும் வேண்டும், துவக்கைக் கவனிக்க மூன்றாவது கை யாருக்கும் இல்லை. அந்த வரியைச் சங்கத்தில் எல்லோரும் பாராட்டினார்கள்.

செப்டெம்பரில் எனக்குப் பொலோஞ்ஞாவில் ஆய்வு மாணவியாக இடம் கிடைத்தது. காட்டுப்பன்றிகள் இடம் மாறுவதைப் பற்றிய ஆய்வு. மூன்று வருடம். அதே வாரம் றொனிக்கு மிலானோவில் வேலை சரிவந்தது. ஓர் அடுக்குமாடியில் வாயிற்காவல், கணவன் மனைவி இருவருக்கும் வேலை, படுக்க ஓர் அறை. ஜனவரியில் கலியாணம், பெப்ரவரியில் பயணம்.

அக்கா என்னைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டாள். பிறகு கேட்டாள்.

"அப்ப அப்பாவை ஆர் பாக்கிறது?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. எல்லோருக்கும் பதில் தெரிந்திருந்தது. நான் இளையவள், கலியாணம் ஆகாதவள். ஆய்வுக்கு இன்னொரு வருடம் விண்ணப்பிக்கலாம் என்று அப்பா சொன்னார். நான் தலையாட்டினேன். நான் எப்போதும் தலையாட்டுகிறவள்.

ஒக்டோபர் முதல் ஞாயிறு, பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றோம். றொனி என்னிடம் வந்தார். அவர் வேலை பார்க்கும் வீட்டு முதலாளி எங்கள் சங்க உறுப்பினர், றொனி அவரைச் சிஞ்ஞோர் என்பார்.

"புரொபெசர் மச்சாள், உங்கடை பன்றிக் கந்தோர்ச் சட்டம் ஒண்டு கேக்கவேணும்."

"கேளுங்கோ அத்தான்."

"எங்கடை சிஞ்ஞோர் புதன்கிழமை வில்லோடை போறார். துவக்கும் வருதாம். கிழவனுக்கு எழுபத்தெட்டு வயசு. வில்லைப் பிடிக்கவே கை நடுங்குது. அந்த மனிசன் ரெண்டையும் சுமக்க, நான் கைவீசிக்கொண்டு பின்னாலை போறதே? பாக்கிற சனம் காறித் துப்பும். துவக்குப் பையை நான் தூக்கலாமோ?"

"சிஞ்ஞோரிட்டைக் கேக்கேல்லையோ?"

"அவரிட்டைக் கேட்டால், இவனுக்குத் தூக்கப் பஞ்சி எண்டு நினைப்பார்."

அக்கா குறுக்கே வந்தாள். "பன்றி விழுந்தால் ஒரு துடையை இஞ்சாலை அனுப்பச் சொல்லும். சும்மா சுமந்து போட்டு வாறேல்லை."

"பன்றி சிரிச்சே சாகும், உன்ரை சிஞ்ஞோர் வில்லு இழுக்கிறதைப் பாத்து," என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு சொன்னேன். "ஓம் அத்தான், தூக்கலாம். உறைக்குள்ளை இருந்தால் பிரச்சினை இல்லை."

அது எங்கள் ஆட்களுக்கே உரிய கேள்வி. வயதானவர் சுமக்கும்போது இளையவர் வெறுங்கையோடு நடப்பதில்லை. இங்குள்ள ஒருவர் அதைக் கேட்கவே மாட்டார்.

நான் நினைத்தது இவ்வளவுதான். காவலர் பிடிப்பார்கள். உரிமம் இல்லாமல் ஆயுதம் சுமந்ததாக வழக்கு வரும். காவல் தலைமையகமான குவெஸ்தூராவில் அவருடைய வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவின் புதுப்பிப்பு நிற்கும். மிலானோ வேலை வேறு யாருக்கோ போகும். கலியாணம் நடக்கும், அவர்கள் இங்கேயே இருப்பார்கள், நான் பொலோஞ்ஞா போவேன். யாருக்கும் காயமில்லை.

புதன் காலை ஏழு மணிக்கு, தரையைத் துடைப்பதற்கு முன், அலுவலகத் தொலைபேசியில் காவலர்களை அழைத்தேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். ஓடைக்கு மேலே உள்ள பாதையில் உரிமம் இல்லாத ஒருவர் துவக்கோடு நடக்கிறார். பத்து விநாடி. தடுமாறவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். இரண்டு காவலர்கள் பாதையை மறித்து, பையைக் கீழே வைக்கச் சொன்னார்கள். றொனி பயந்து அவசரமாக வைத்தார். பை கல்லில் அடிபட்டது. வெடித்தது. அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது. துவக்கை அவனே தூக்கினான், நான் சொல்லவில்லை என்று சிஞ்ஞோர் வாக்குமூலம் கொடுத்தார். அது உண்மைதான். கேட்டுத்தான் தூக்கினேன் என்று நிறுவ முடியாவிட்டால் றொனிக்கு பெர்மெஸ்ஸோ இல்லை என்று நீங்கள் அக்காவிடம் சொன்னபோது, நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கலியாணத்துக்காக அவர் வியா மக்வேதாக் கடைத்தெருவில் ஒரு சோடிச் சப்பாத்து வாங்கியிருந்தார். அக்கா இரண்டையும் துடைத்துப் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். நான் அந்த அறைக்குள் போவதில்லை. வைத்தியசாலையில் றொனி என் கையைப் பிடித்து, "நீங்கள் பயப்பிடாதேங்கோ மச்சாள், உங்கடை பேர் என்ரை வாயிலை வராது. தெரியாமல் சொன்னதுக்கு நீங்கள் என்ன செய்வியள்," என்றார். நான் தலையாட்டினேன்.

வெட்கம் என்ற சொல்லை இங்கே எழுதிப் பார்த்து இரண்டு முறை வெட்டினேன். அது போதாது.

தோட்டா இருந்தது எனக்குத் தெரியாது என்றே இதுவரை எழுத நினைத்திருந்தேன். கோயில் வாசலில் றொனி இன்னொன்றும் கேட்டார்.

"உள்ளுக்கை வெடி கிடக்கோ எண்டு ஒருக்காத் திறந்து பாக்கட்டோ?"

"வேண்டாம் அத்தான். அது சிஞ்ஞோரின்ரை சாமான். தொடாதேங்கோ."

அந்த முதியவருக்குச் சங்கம் இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பியிருக்கிறது. தோட்டாவை எடுக்காமலே துவக்கை உறைக்குள் வைக்கிறார் என்பதற்காக. இரண்டையும் கோப்பில் இட்டது நான். வெறும் துவக்கென்றால் தண்டப்பணத்தோடு விட்டுவிடக்கூடும், மிலானோ கைவிட்டுப் போகாமலும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. தோட்டா இருந்தால்தான் வழக்கு பாரமாகும். அதனால்தான் திறக்க வேண்டாம் என்றேன்.

ஐந்து வாரம் ஏன் பேசாமல் இருந்தாய் என்று கேட்பீர்கள். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்தேன். பொலோஞ்ஞாவில் என் பதிவு நேற்று உறுதியானது. இன்று எழுத முடிந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை.

கையொப்பமிடவோ நீதிமன்றத்துக்கோ எப்போது கூப்பிட்டாலும் வருவேன். அப்பாவை நினைத்து நாளைத் தள்ளிப்போட வேண்டாம். அவரைப் பார்க்க அக்கா வீட்டில் இருக்கிறாள்.