அரக்கனின் விரல்

புதுச்சத்திரத்தில் பேருந்து ஏறி என் முன் இருக்கையில் அமர்ந்த அம்மாள், பக்கத்துப் பெண்ணிடம் எடுத்த எடுப்பில் சொன்னார்:

“எங்கூட்டுக்காரருக்குச் சக்கரை இருக்குதுன்னு ஊரே கை தட்டுச்சுங்க.”

“அதுக்கு ஏனுங்க கை தட்டோணும்?”

“கூத்துல அவருதானுங்க சக்கரை அரக்கன். அந்த நோயப் பத்திச் சனத்துக்குப் புரியோணும்னு கோயில் நோம்பிக்கு ஆடுனாங்க. கோமாளி அரக்கன் விரல்ல ஊசி குத்தி, மிசின்ல பாத்து, ‘முந்நூத்துக்கு மேல’ன்னான். நடிப்புன்னு நெனச்சு எல்லாரும் சிரிச்சுக் கை தட்டுனாங்க. நெசமாவே முந்நூத்துக்கு மேலங்க.”

“அய்யோ சாமி! நெச ஊசியும் மிசினும் ஆரு குடுத்தா?”

“நாந்தானுங்க. ஆசுபத்திரிக்குக் கூப்புட்டா வராத மனுசன். அத்தன சனத்துக்கு முன்னால அரக்கன் கைய இழுத்துக்க முடியுமுங்களா?”

“இப்ப எங்க போறீங்க?”

“ஆசுபத்திரிக்குத்தான். அதா, உக்காந்திருக்காரு பாருங்க.”

எதிர்ப்புறச் சன்னலோரம் பெரிய மீசைக்காரர் ஒருவர். காதோரத்தில் சிவப்பு அரிதாரம் இன்னும் கலையவில்லை. அடுத்த நிறுத்தத்தில் கடலைமிட்டாய் விற்பவர் வர, மீசைக்காரர் சன்னலுக்கு வெளியே கையை நீட்டினார்.

“கை!” என்றார் அம்மாள்.

அரக்கன் கையை இழுத்துக்கொண்டான்.