போதுமான பவர் சப்ளை

கம்ப்யூட்டருக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, பவர் சப்ளை, வாங்கும்போது முதலில் அதைக் கையில் தூக்கிப் பார்க்க வேண்டும், ஐயா. நல்லது கனக்கும். உள்ளே செம்புச் சுருளும் அலுமினியத் தகடுகளும் இருப்பதால் வரும் கனம் அது. மட்டமானதைத் தூக்கினால் காலி பிஸ்கட் டப்பாவைத் தூக்கியதுபோல இருக்கும்.

வாக்குமூலத்தை எழுதியே தருகிறேன் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. காலையில் வாயால் சொன்னபோது நான்கு முறை குறுக்கே பேசினீர்கள். தவறாகச் சொல்லவில்லை. காகிதம் குறுக்கே பேசாது, அவ்வளவுதான்.

என் தங்கையின் கணவர் பஸ்களில் டிக்கெட் பரிசோதிப்பவர். நாள் முழுவதும் "டிக்கெட்" என்ற ஒரே சொல்லைச் சொல்லிப் பிழைக்கிறவர். அதனாலோ என்னவோ, மற்றவர்களும் எதையும் ஒரு சொல்லில் முடித்துவிட வேண்டும் என்று நினைப்பார். வேலை விட்டு வந்தால் கார்ப் பந்தய விளையாட்டு. அதற்கென்று குறைந்த செலவில் ஒரு கம்ப்யூட்டர் சேர்க்க ஆரம்பித்தார். நான் பதினேழு வருடமாகக் கம்ப்யூட்டர் கடையில் பழுது பார்ப்பவன். ஆனாலும் என்னைக் கேட்காமலே பிராசசர் வாங்கினார், யாரோ விற்ற பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கினார், ஏழு நிறத்தில் மினுக்கும் பெட்டி வாங்கினார், விமானி உட்காருவதைப் போன்ற ஒரு நாற்காலியும் வாங்கினார். பவர் சப்ளை கடைசியில் ஞாபகம் வந்தது.

"அது உள்ளதானே மச்சான் கெடக்கப்போகுது? யாரு பாக்கப்போறா? ஏதாவது ஒண்ணு போடுங்க."

"குடல்கூட உள்ளதான் கெடக்கு, மாப்ளே."

தங்கை சிரித்துவிட்டாள். "ஒரு டப்பாவுக்கு ஒரு வாரமா பேசுறீங்க ரெண்டு பேரும். எனக்குக் கல்யாணம் பேசி முடிக்கவே அரை மணி நேரம்தான் ஆச்சு."

"அதான் இப்படி ஒருத்தன் மாட்டினான்" என்றார் மாப்பிள்ளை.

அன்று ஒரு தாளில் அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்ட முயன்றேன். உங்களுக்கும் சொல்கிறேன், எளிமையானதுதான். பிராசசருக்கு அறுபத்தைந்து வாட்ஸ். அவருடைய கார்டுக்கு நூற்று எழுபது. மின்விசிறி, டிஸ்க், மினுக்கு விளக்குகள் எல்லாம் சேர்த்து ஐம்பது. முந்நூறுக்குப் பக்கம் வருகிறது. கார்டு சில நொடிகளுக்குத் திடீரென்று இரட்டிப்பாக இழுக்கும், அதற்கும் இடம் விட வேண்டும். ஆக, நேர்மையான ஐந்நூறு வாட்ஸ் போதும்.

'நேர்மையான' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஸ்டிக்கரில் எழுநூற்றைம்பது என்று யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் பன்னிரண்டு வோல்ட் பாதைக்கு நேரே எத்தனை ஆம்ப் என்று பார்த்து, பன்னிரண்டால் பெருக்க வேண்டும். பதினெட்டு ஆம்ப் என்றால் இருநூற்றுப் பதினாறு வாட்ஸ்தான். மேலே இருக்கும் எழுநூற்றைம்பது வெறும் ஜம்பம். நல்ல பெட்டி இன்னொன்றும் செய்யும்: தாங்க முடியாதபோது தானே அணைந்துவிடும். மட்டமானதற்கு அந்தப் பழக்கம் கிடையாது. தாங்காததையும் தாங்குவதாகக் காட்டிக்கொண்டே இருக்கும்.

இதில் பாதிக்கு வருவதற்குள் மாப்பிள்ளை போனை எடுத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை மதியம் கடைக்கே வந்தார். கூட்டமான நேரம். தாளை எடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். அவர் உள்ளங்கையை உயர்த்தினார், பஸ்ஸை நிறுத்துவதுபோல.

"மச்சான், சுருக்கமா. எது மலிவு?"

"மலிவுன்னா என்னன்னு மொதல்ல…"

அவர் பக்கத்தில் நின்றவர்கள் பக்கம் திரும்பினார். "இவருகிட்ட ஒரு டம்ளர் தண்ணி கேட்டா, மேகம் எப்படி உருவாகுதுன்னு ஆரம்பிப்பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். பில் போடும் பெண் குனிந்துகொண்டு சிரித்தாள், அது மரியாதைக்காக. எனக்குக் கோபம் வரவில்லை. கோபத்தில் செய்தது என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். கோபம் வந்தவனுக்குக் கை நடுங்கும். எனக்கு நடுங்கவில்லை.

கடையில் எனக்கொரு பழக்கம் உண்டு. வாடிக்கையாளர்கள் திருப்பித் தந்த பவர் சப்ளைகளின் முதுகில் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டுக் கீழ்த்தட்டில் வைப்பேன். உடைத்துப் போடும் முன், முழுச் சுமை ஏற்றி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பார்த்து, ஒரு காகித டேப்பில் எழுதி அதன்மேல் ஒட்டுவேன். சம்பளத்தில் சேராத வேலை, ஆர்வம்தான். அன்று கீழ்த்தட்டில் ஒன்று இருந்தது. 'புகை நாற்றம் வருகிறது' என்று ஒருவர் திருப்பிக் கொடுத்தது. முதல் நாள் முப்பத்தெட்டு நிமிடத்தில் புகைந்தது. நான் அணைத்தேன், ஆறியதும் மறுபடி ஓடியது. இரண்டாம் நாள் முப்பத்தொன்று. மூன்றாம் நாள் இருபத்தாறு. ஒருமுறைகூடத் தானாக அணையவில்லை. "அதை உடைச்சுப் போட்டுடுய்யா" என்று முதலாளி இரண்டு முறை சொல்லியிருந்தார்.

உள்ளே போய் சிவப்புக் குறியை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். டேப்பை உரித்தேன். கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன்.

"சும்மாவே எடுத்துக்குங்க, மாப்ளே."

அவர் அதைத் தூக்கிப் பார்த்தார். லேசாக இருந்தது என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். முதல் முறையாக என்னிடம் ஒரு சரியான கேள்வி கேட்டார்.

"இது போதும்ல மச்சான்?"

"போதும்" என்றேன்.

என் வாழ்நாளில் நான் சொன்ன மிகச் சுருக்கமான பதில் அதுதான். அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். "இப்படிப் பேசுங்க!"

மறுநாள் ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவருடைய பின்னறையில் நானே பொருத்திக் கொடுத்தேன். வயர்களை அழகாக மடித்துக் கட்டினேன், என் வேலையில் குறை சொல்ல முடியாது. தங்கை கூப்பிடுவது காதில் விழக் கூடாது என்று அவர் அந்த அறையின் சுவர் முழுக்க ஃபோம் ஒட்டியிருந்தார். ஃபோமில் தீ எவ்வளவு வேகமாகப் பிடிக்கும், அதன் புகை நுரையீரலை என்ன செய்யும் என்பதையெல்லாம் போன வருடமே சொல்ல ஆரம்பித்தேன். அப்போதும் அவர் முடிக்கவிடவில்லை.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்தினார். நான் கூடத்தில் சோபாவில் உட்கார்ந்தேன். சுவர்க் கடிகாரம் எதிரே இருந்தது. தங்கை தேநீர் கொண்டுவந்தாள். இருபத்திரண்டாம் நிமிடம் அவள் மூக்கைச் சுளித்தாள்.

"அண்ணா, என்னமோ கருகுற வாடை வரலையா?"

"வருதும்மா. இது ரப்பர் இல்ல. செம்புக் கம்பி மேல ஒரு மெல்லிசுப் பூச்சு இருக்கும். சூடு ஏறுனா மொதல்ல அதுதான்…"

நான்காவது வாக்கியத்தில் எழுந்து ஓடிவிட்டாள். கைப்பிடி சுட்டும் விடாமல் கதவைத் திறந்து அவரை இழுத்துப் போட்டது அவள்தான். இரண்டு கையிலும் இன்னும் கட்டு இருக்கிறது. மெயின் சுவிட்ச் என் தலைக்கு மேல், கை எட்டும் தூரத்தில் இருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

உங்கள் அறிக்கையில் 'மின்கசிவால் ஏற்பட்ட விபத்து' என்று எழுதியிருக்கிறீர்கள். தீப்பிடித்து மூன்று வாரம் கழித்து, இன்று காலை கையெழுத்துக்காக நீங்கள் அதை நீட்டியபோதுதான் பார்த்தேன். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் கோப்பு மூடப்பட்டிருக்கும், தெரியும். ஆனால் அது தவறு, ஐயா. மின்கசிவு என்பது மின்சாரம் போகக் கூடாத வழியில் கசிவது. இங்கே போக வேண்டிய வழியில்தான் போனது, தாங்க முடியாத அளவுக்கு. இரண்டும் வேறு. ஊரில் எது எரிந்தாலும் மின்கசிவு என்று எழுதிவிடுகிறார்கள். தயவுசெய்து அந்த வரியை அடித்துவிட்டு, 'தாங்காது என்று மூன்று முறை சோதித்து அறிந்தவர் தெரிந்தே கொடுத்தது' என்று எழுதுங்கள்.

இன்னொரு விஷயம். மாப்பிள்ளை பிழைத்துவிட்டார். முழுக்கத் தேறுவாரா என்று டாக்டர்கள் இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை என்றாலும் நான் நம்பிக்கையோடு இருக்கிறேன். தொண்டையில் குழாய் இருப்பதால் பேச முடியாது. கையை உயர்த்தவும் முடியாது. தினமும் பார்வை நேரத்தில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, பவர் சப்ளையைப் பற்றி முதலிலிருந்து சொல்லிவருகிறேன். தங்கைக்கு இதெல்லாம் தெரியாது. "எங்க அண்ணன் மாதிரி யாரு வருவா" என்று பக்கத்துப் படுக்கைக்காரர்களிடம் சொல்கிறாளாம்.

நர்ஸ் ஒருத்தி நேற்று கேட்டாள்: "சார், நீங்க வந்து உக்காந்தாலே இவருக்கு நாடி எகிறுதே, ஏன்?" "ஆர்வம்தாம்மா" என்றேன். விஷயம் பிடிபட ஆரம்பிக்கும்போது எல்லோருக்கும் அப்படித்தான் ஆகும். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பாவம், வெளிச்சம் கண்ணில் பட்டிருக்கும். நாற்காலியைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுக்கொண்டேன்.

இவ்வளவுதான். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நான்கு மணிக்குப் பார்வை நேரம் தொடங்குகிறது. என்னை இங்கேயே நிறுத்திவைப்பதானால், அந்த இரண்டு மணி நேரம் மட்டும் யாரையாவது துணைக்கு அனுப்பி என்னைக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். பாதியில் நிறுத்தியிருக்கிறேன், மிச்சத்தைக் கேட்க அவர் காத்துக்கொண்டிருப்பார்.