வேலையை முடித்துவிட்டு வா

முப்பது பிள்ளைகளைப் பன்னிரண்டு நாள் ஒரே பேருந்தில் கூட்டிக்கொண்டு அலைவதில் பெரிய தொல்லை சாப்பாடு இல்லை, ஷூதான். எந்த வீட்டுக்குள் போனாலும் வாசலில் அறுபது ஷூ. திரும்பி வரும்போது இரண்டு பேராவது அடுத்தவர் ஷூவில் காலை விட்டுக்கொண்டு வந்திருப்பார்கள். அதற்காக நான் தொண்டை கிழியக் கத்தாத பயணம் கிடையாது. பெகிமாய் மட்டும் தன் ஷூவின் உள்பக்கம் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டு வைத்திருந்தாள். அவள் அம்மா போட்டுக் கொடுத்தது. பன்னிரண்டு நாளில் ஒருநாள்கூட அவள் ஷூ மாறவில்லை, கடைசி நாளைத் தவிர.

பெரியவர்களே, நடந்ததை எழுதித் தரும்படி கரா-பெல் ஊர்ப் பெரியவர்கள் மன்றம் கேட்டிருக்கிறது. எழுதுகிறேன். இருபத்து மூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக் கொடுத்தவள் நான். எது முன்னே, எது பின்னே என்று குழப்ப மாட்டேன்.

என் பயணம் எதற்கென்று உங்களுக்குத் தெரியும். நம் பிள்ளைகள் பள்ளியை முடித்த கையோடு மாஸ்கோவுக்குப் போய்ப் பனி அள்ளுகிறார்கள், செங்கல் சுமக்கிறார்கள். சிலர் சவப்பெட்டியில் திரும்பி வருகிறார்கள். ஊரில் இருந்துகொண்டே தனக்கும் பிழைப்பு, ஊருக்கும் பிழைப்பு என்று ஒரு தொழிலைத் தொடங்கியவர்கள் நம் மலைகளில் இல்லாமல் இல்லை. நாற்பது வீட்டுப் பாலைச் சேர்த்துப் பாலாடைக்கட்டி செய்கிற விதவை இருக்கிறாள். காது கேளாதவர்களை வேலைக்கு வைத்து ரொட்டி சுடுகிற ஆள் இருக்கிறான். அவர்களைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும், அவர்கள் வீட்டில் சாப்பிட வேண்டும், பேருந்தில் உட்கார்ந்து சண்டை போட்டு யோசிக்க வேண்டும். பன்னிரண்டாம் நாள் கொச்கோர் அரங்கில், தலைநகரிலிருந்து வரும் கொடையாளர்கள் முன்னால் தன் திட்டத்தைச் சொல்ல வேண்டும். நல்ல திட்டத்தைத் தொடங்க அவர்கள் உதவுவார்கள். அவ்வளவுதான் நான் செய்தது.

ஒன்பது பயணம் போனோம். ஒளிக்க ஒன்றுமில்லை, அந்தப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் இப்போது மாஸ்கோவில்தான். அங்கிருந்து என் பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்புகிறார்கள். போன வருஷம் குளிர்காலத்தில் கொடையாளர்கள் என்னைக் கூப்பிட்டு, தேநீர் எல்லாம் கொடுத்து, மெதுவாகச் சொன்னார்கள். பத்தாவது பயணத்தில் உருப்படியாக ஒன்று முளைக்காவிட்டால் இதோடு போதும் என்று. அதில் அவர்கள் தப்பு ஏதுமில்லை.

அந்தப் பத்தாவது பயணத்துக்குத்தான் பெகிமாய் வந்தாள். பத்தொன்பது வயது. ஏழு ஊர்களுக்குப் பொதுவாக ஒரு வேன், முடியாதவர்களை நரின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும், மற்ற நேரத்தில் சந்தைக்கு ஓட்டிச் செலவுக்குச் சம்பாதிக்க வேண்டும் என்பது அவள் திட்டம். அவள் அம்மா சல்தனத்துக்கு இதயக் கோளாறு. வண்டி கிடைக்காமல் வீட்டிலேயே இரண்டு நாள் மூச்சுக்குத் திணறிக் கிடந்ததைப் பார்த்து வளர்ந்த பெண் சொல்கிற திட்டம் அது. கேட்ட மறுகணமே எனக்குத் தெரிந்துவிட்டது, முளைப்பது இதுதான் என்று.

பெண் கிளம்பத் தயங்கினாள். நானே கரா-பெல்லுக்கு வந்தேன்.

"போயேன்டி. பன்னெண்டு நாள்ல நான் ஒண்ணும் செத்துட மாட்டேன்" என்றாள் சல்தனத்.

"வாயைக் கழுவும்மா" என்றாள் மகள்.

சல்தனத் என்னைப் பார்த்தாள். "அக்கா, எனக்கு ஏதாச்சும்னா இவளைக் கொண்டாந்து விட்டுடுவீங்கல்ல?"

"கூப்பிட்ட அன்னிக்கே கொண்டாந்து விடறேன்" என்றேன்.

அதற்குப் பிறகு வழக்கப்படி ஒரு ரொட்டியை மகள் வாயருகே நீட்டினாள். பெகிமாய் ஒரு கடி கடித்தாள். மீதியைத் துணியில் சுற்றி, கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள் சல்தனத். போனவள் திரும்பி வந்து அதைத் தின்று தீர்க்க வேண்டும். நான் அந்த வீட்டில் அவர்களோடு தேநீர் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

பயணத்தில் பிள்ளைகளின் போன்கள் என் பையில் இருக்கும். மாலையில் அரை மணி நேரம் கொடுப்பேன். ஒன்பதாம் நாள் மதியம் கொச்கோர் வந்து சேர்ந்தோம். கடைசி மூன்று நாளும் அங்கேதான் தங்கல், திட்டத்தைச் சொல்லிச் சொல்லிப் பழக. அன்று பெகிமாயின் போன் விடாமல் அடித்தது. எடுத்தேன். அவள் தாய்மாமன் தொக்தொபெக்.

"சல்தனத்துக்கு முடியலே. பிள்ளைய பாக்கணும்ங்கறா. எங்க இருக்கீங்க?"

கொச்கோரிலிருந்து கரா-பெல்லுக்கு மூன்று மணி நேரம். எனக்குத் தெரியாதா என்ன. "தெற்கே இருக்கோம், மலைக்கு அந்தப் பக்கம். கல் சரிஞ்சு பாதை அடைச்சுக் கிடக்கு. பாதை விட்டதும் கிளம்பிடறோம்" என்றேன். வாய் கூசவில்லை. கூசும் என்று நினைத்திருந்தேன்.

அதை ஏன் சொன்னேன் என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள். அந்தப் பெண் அப்போது கிளம்பிப் போயிருந்தால், அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். சல்தனத்துக்கு இப்படி முன்பும் ஆகியிருக்கிறது, தேறியிருக்கிறாள். திட்டம் போயிருக்கும், வேன் போயிருக்கும், அடுத்த வருஷம் அவளும் மாஸ்கோவில் யார் வீட்டுப் படியையோ துடைத்துக்கொண்டிருப்பாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுகிறோம். நான் ஒரு பொய் சொன்னேன்.

அன்று மாலை, இனி பயணம் முடியும்வரை போன் கிடையாது, எல்லாரும் திட்டத்தில் கவனம் வையுங்கள் என்று அறிவித்தேன். முணுமுணுத்தார்கள். பெகிமாய் மட்டும் பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, அம்மாகிட்ட ரெண்டே வார்த்தை."

"இப்பத்தான் பேசினேன். நல்லா இருக்காங்க. போய்ப் பேச்சைப் பழகு."

"நெஜமா?"

"உன்கிட்டப் பொய் சொல்லி எனக்கென்னடி ஆகணும்?"

சிரித்தபடியே போனாள்.

டிரைவர் சகினிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். ஒன்பது வருஷமாக என்னோடு ஓட்டுகிறவர். சிகரெட்டைக் காலால் மிதித்துவிட்டு, "சாவியக் குடுங்க அக்கா. கூட வர்ற சின்ன வண்டியில விட்டுட்டு விடியறதுக்குள்ள வந்துடறேன்" என்றார்.

"அவ திரும்பி வந்தாலும் அரங்குல பேசற நிலையிலயா வருவா?"

"பேசாட்டி என்ன, தாயைப் பார்த்த மாதிரி இருக்கும்ல. பாவத்தைக் கட்டிக்காதீங்க."

சாவி என் பையிலேயே இருந்தது. அதன் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

பத்தாம் நாள் மதியம் தொக்தொபெக் மறுபடி கூப்பிட்டார். வர முடியாவிட்டால் பரவாயில்லை, பிள்ளையின் குரலையாவது கேட்க வேண்டும் என்கிறாள் என்றார். கூப்பிடுகிறேன், இருங்கள் என்றேன். அவர் போனைத் தங்கையின் காதோரம் வைத்துவிட்டு, தாயும் மகளும் பேசிக்கொள்ளட்டும் என்று வெளியே போய்விட்டார். பெகிமாயைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று நானே பேசினேன். நான்தான் அனார்குல் என்றேன். சல்தனத் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "பிள்ளை வேலைய முடிச்சிட்டு வரட்டும்" என்றாள். இதை நான் மன்றத்தில் முன்பே வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறேன். பெகிமாயிடமும் சொல்லியிருக்கிறேன்.

அன்று மாலை சல்தனத் போய்விட்டாள்.

செய்தியைச் சொன்ன தொக்தொபெக்கே அழுதுகொண்டு, "வழியில வெச்சுச் சொல்லிடாதீங்க. இங்க வந்ததும் நாங்க கேட்க வைக்கறோம்" என்றார். நம் வழக்கம் அது. தூரத்தில் இருப்பவர்களுக்குச் சாவை நேராகச் சொல்ல மாட்டோம். வீடு வந்து சேரும்வரை மறைப்போம், பிறகு பெரியவர்கள் சூழ உட்கார்ந்து, சுற்றி வளைத்துப் பேசி, மெல்லக் கேட்க வைப்பார்கள். ஆகவே பத்தாம் நாள் மாலைக்குப் பிறகு நான் மறைத்ததில் குற்றமில்லை. நீங்கள் எல்லாருமே அப்படி மறைத்தவர்கள்தான்.

பன்னிரண்டாம் நாள் காலை பெகிமாய் அரங்கில் பேசினாள். "எங்க ஊர்ல நோயாளிங்க நோயால சாகறதில்ல, காத்திருந்தே சாகறாங்க. எங்கம்மா இன்னும் இருக்காங்க. அவங்க இருக்கறப்பவே அந்த வண்டி வரணும்" என்றாள். கொடையாளர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அந்நேரம் கரா-பெல்லில், மகளுக்காக வைத்திருந்து வைத்திருந்து, இதற்கு மேல் வைக்கக் கூடாது என்று சல்தனத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அழுகை வந்தது. எல்லாரும் அழுதார்கள், அதனால் வித்தியாசமாகத் தெரியவில்லை.

முதல் இடம் அவளுக்குத்தான்.

பேருந்து கரா-பெல்லுக்குத் திரும்பியபோது வெளிச்சம் இருந்தது. வழியெல்லாம் பாட்டு. ஷூக்களைக் கழற்றிப் போட்டுவிட்டு இருக்கையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவிடம் முதலில் எதைச் சொல்வது, வேனையா, பரிசையா என்று பெகிமாய் பக்கத்துப் பெண்ணோடு வாதாடிக்கொண்டிருந்தாள். கடைசி வளைவில் வீடு தெரிந்தது. முற்றத்தில் கூடாரம் போட்டிருந்தது. ஏப்ரல் மாதத்தில் எவரும் வீட்டு முற்றத்தில் சாவு விழாமல் கூடாரம் போட மாட்டார்கள். அதை யாரும் அவளுக்குக் கேட்க வைக்க வேண்டியிருக்கவில்லை. வண்டி நிற்குமுன் குதித்து ஓடினாள். ஒரு காலில் சிவப்புத் தையல் போட்ட ஷூ, மற்றதில் யாருடையதோ.

நான் இறங்கியபோது பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் அழவில்லை. சுவரிலிருந்து ரொட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஏன் அக்கா?" என்று மட்டும் கேட்டாள். அம்மா சொன்னதாக நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். "அம்மாதான் சொன்னாங்க பெகிமாய், வேலைய முடிச்சிட்டு வரட்டும்னு." அப்போதுதான் அழுதாள். அழுதபடியே காய்ந்த ரொட்டியைக் கடித்துத் தின்றாள்.

வெளியே, எங்கிருந்து வருகிறீர்கள் என்று யாரோ சகினைக் கேட்டிருக்கிறார்கள். கொச்கோர், மூன்று மணி நேரம் என்று அவர் உள்ளதைச் சொல்லிவிட்டார். தொக்தொபெக் காதில் அது விழுந்தது. தங்கையின் முதல் வருஷ நினைவு விருந்து முடிந்த பிறகுதான் மன்றத்துக்கு வந்தார். நாகரிகமான மனுஷர்.

வேன் ஓடுகிறது. குளிர்காலத்தில் மட்டும் பதினொரு பெண்களை நரினுக்குக் கொண்டுபோயிருக்கிறது. அவர்களில் இரண்டு பேர் அது இல்லாவிட்டால் இன்று இல்லை. வேனின் கதவில் வெள்ளைப் பெயின்டால் பெரிதாக எழுதியிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'வேலையை முடித்துவிட்டு வா.' கீழே சின்னதாக, 'அம்மா.'

நேற்று பெகிமாய் அந்த வேனிலேயே என் வீட்டுக்கு வந்தாள். "மாமா சும்மா இருக்க மாட்டேங்கறாரு. மன்றத்துல நான் பேசறேன் அக்கா. அம்மாவே சம்மதிச்சப்போ உங்களை யார் குத்தம் சொல்றது?" என்றாள். பிறகு தேநீரை ஆற்றிக்கொண்டே, "அம்மா குரல் எப்பிடி இருந்துச்சு? கஷ்டப்பட்டாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

இத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். வரலாறு சொல்லிக் கொடுத்தவள் என்று ஆரம்பத்தில் எழுதிவிட்டேன், அது உறுத்துகிறது.

நான் அனார்குல் என்று சல்தனத்திடம் சொல்லவே இல்லை. போனில் "பெகிமாய்?" என்றாள். "ம்" என்றேன்.

"ஏன்டி குரல் கம்மிக் கெடக்கு? ஷூ நனைஞ்சுதா?"

"ம்."

"வாடி. எல்லாத்தையும் போட்டுட்டு வா. ரொட்டியப் பாத்துக்கிட்டே படுத்துருக்கேன். வா."

மூன்று தடவை வா என்றாள். "வேலைய முடிச்சிட்டு வரேம்மா" என்றேன். கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அவளுக்குத் தெரிந்துவிட்டதா, மகளே அப்படிச் சொல்லிவிட்டாள் என்று நம்பினாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு போனை வைத்துவிட்டேன். கதவில் எழுதியிருப்பது சல்தனத் சொன்னது இல்லை, நான் சொன்னது.

இதைப் பெகிமாய்க்கு நான் சொல்லுவது முறையாகாது. இப்படிப்பட்டதை மெல்லக் கேட்க வைப்பது பெரியவர்களின் வேலை, அதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். வருகிற திங்கட்கிழமை பதினோராவது பயணம் கிளம்புகிறது, முப்பது பிள்ளைகள். முதல் நாள் அவர்கள் முன்னால் பெகிமாய்தான் பேசுகிறாள். அவள் பேசி முடிக்கட்டும், பிறகு சொல்லுங்கள்.