மேசைமேல் ஒரு தம்ளர் தண்ணீர்

தலைமை தாங்கும் நகர்மன்ற உறுப்பினர் மிக்கேல்ராஜ் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, புகையிலைக் கிட்டங்கியில் காம்பு கிள்ளிய கையோடு நேரே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, இடுப்பில் பிள்ளையோடு வாசலில் நிற்கும் சகோதரிகளே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

சென்ற ஆண்டும் இதே மாதர் சங்க விழாவில், இதே மேடையில், நாளும் பேண வேண்டிய நல்ல பழக்கங்கள் பற்றிப் பேசினேன். வைகறையில் எழுங்கள் என்றேன். காய்ச்சிய நீரைக் காலை முதல் மாலை வரை குடியுங்கள் என்றேன். கைதட்டினீர்கள். அப்போது நடுவிலிருந்து சுந்தரம்மாள் எழுந்தார். கிட்டங்கியில் பன்னிரண்டு ஆண்டு காம்பு கிள்ளியவர்.

"குடிக்கலாம் டீச்சரம்மா. குடிச்சிட்டு எங்க போறது?"

கூட்டம் சிரித்தது. இதோ, இப்போதும் பின்னால் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அன்று நானும் சிரித்தேன். மன உறுதி வேண்டும் அம்மா என்று மழுப்பினேன். அதற்கும் கைதட்டினீர்கள்.

முந்நூறு பெண்கள் வேலை செய்யும் இடத்தில் அவர்களுக்கு ஒரு மறைவிடம் இல்லை. விடியுமுன் காடு, இருட்டியபின் காடு. இடையில் நா வறண்டாலும் நீர் இல்லை. இதுவும் பழக்கந்தானே? தாய் மகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பழக்கம். பழக்கியது யார்? பார்த்துக்கொண்டிருந்தது யார்?

ஐப்பசியில் சுந்தரம்மாளுக்கு நீர்க்கடுப்பு, கடுப்பு காய்ச்சலாயிற்று, காய்ச்சல் சிறுநீரகத்தைத் தின்றது. ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். செம்பை இரு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

"இங்க கதவு வச்ச கக்கூஸ் இருக்கு தாயி. இப்பச் சொல்லுங்க, எம்புட்டு வேணும்னாலும் குடிக்கிறேன்."

கார்த்திகை பிறக்குமுன் போய்விட்டார்.

தாய்மார்களே, நான் அறியாமல் சிரிக்கவில்லை. அறிந்தே சிரித்தேன். நான் பாடம் நடத்தும் பள்ளியிலும் எங்களுக்கு அந்த இடம் இல்லை. ஆறு ஆண்டுகளாக, மாலை வீடு சேரும்வரை ஒரு மிடறு நீர் குடித்ததில்லை. சென்ற ஆண்டு இந்த மேசையில் வைத்த தம்ளரையும் தொடாமலே இறங்கினேன். 'நானும் அப்படித்தான், அம்மா' என்று அன்று சொல்லியிருந்தால்? கூச்சம் என் வாயைக் கட்டியது. அவர் தனியாக நின்று, தனியாக உட்கார்ந்தார்.

தலைவர் அவர்களே, கிட்டங்கிக்குப் பின்னால் நகர்மன்றத்தின் நிலம் சும்மா கிடக்கிறது. நான்கு சுவர், ஒரு கதவு, உள்ளே ஒரு தாழ்ப்பாள். பூட்டுக்குப் பேர்போன ஊரில் தாழ்ப்பாளுக்கா பஞ்சம்?

இதோ, இந்தத் தம்ளரைக் காலி செய்கிறேன். இந்த மண்டபத்திலும் பெண்கள் ஒதுங்க இடமில்லை என்பது எனக்குத் தெரியும். தலைவருக்கும் இனித் தெரியும். பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. ஓராண்டு தாமதமாக, சுந்தரம்மாளுக்கு என் வணக்கம்.