கண்ணைத் திறந்து ஜெபித்த பிரசங்கியார்

மேடையில் வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய ஆயர் ஐயா அவர்களே, சபை மூப்பர்களே, பெண்கள் ஐக்கியத்தின் சகோதரிகளே, முன்வரிசையில் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் எங்கள் அண்ணி அவர்களே, அண்ணியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் அவருடைய தங்கையே, இடம் கிடைக்காமல் வாசல்வரை நிற்கும் சபையாரே! உங்கள் எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம்.

நான் பேச்சாளன் அல்ல. நம் சுவிசேஷக் குழுவின் வேனை ஓட்டுகிறவன். போகிற இடத்தில் பெட்டிகளை இறக்குவேன், ஒலிபெருக்கியைக் கட்டுவேன், மைக்கைத் தட்டி "அலோ, அலோ" சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கிவிடுவேன். அதற்குப் பிறகு பேச வேண்டியவர் நம் பிரசங்கியார். இன்றைக்கோ, அவருடைய நினைவுக் கூட்டத்தில், நானே மைக்கைத் தட்டி நானே பேசவும் வேண்டியிருக்கிறது. என்ன கொடுமை பாருங்கள்!

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இன்றைக்கு அழுகையைவிட நிம்மதிதான் அதிகம். யாரும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். அவர் போனது நிம்மதி என்று நான் சொல்லவில்லை. அவர் எப்படிப் போனார் என்பதில்தான் எனக்கு நிம்மதி. அதைச் சொல்லத்தான் ஆயர் ஐயாவிடம் கெஞ்சிக் கூத்தாடி இந்த நேரத்தை வாங்கினேன்.

பிரசங்கியாரின் குரலை மறந்தவர்கள் இங்கே உண்டா? குழுவிலிருந்த நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'இடி'. முகத்துக்கு நேரே சொல்ல மாட்டோம், வேனுக்குள் சொல்லிக்கொள்வோம். ஒரு கூட்டத்தில் பாதிப் பேச்சில் மின்சாரம் போய்விட்டது. நான் பதறிப்போய் ஒயரைத் தேடிக்கொண்டிருக்கிறேன், அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறார். கடைசி வரிசையில் இருந்தவருக்கு மின்சாரம் போனதே தெரியாது! அப்படிப்பட்ட குரல்! அந்தக் குரல் ஒரு நாள் மேடையை விட்டு இறங்கியது.

பிரசங்கியாரின் மனைவி, நம் அண்ணிக்குப் பக்கவாதம் வந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒரு கை, ஒரு கால் விழுந்துவிட்டது. பேச்சு குழறியது. யார் யாரோ வந்து யோசனை சொன்னார்கள். பராமரிப்பு விடுதியில் சேர்க்கலாம் என்றார்கள், ஆள் போடலாம் என்றார்கள். பிரசங்கியார் அண்ணன் எல்லாருக்கும் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு, வந்திருந்த கூட்ட அழைப்புகளையெல்லாம் வேண்டாமென்று சொல்லிவிட்டு, சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு அடுப்படிக்குள் போனார்.

போனாரே தவிர, அங்கே அவருக்கு என்ன தெரியும்? இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவிய ஆண்டவரைப் பற்றி எத்தனை மேடைகளில் முழங்கியிருப்பார்! சொந்த வீட்டில் துண்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது! அண்ணி படுக்கையிலிருந்து கையைக் காட்டுவார், இவர் வேறொரு கதவைத் திறப்பார். நான் சிரிக்கவில்லை. என் வீட்டுத் துண்டு எங்கே இருக்கிறதென்று எனக்கு மட்டும் தெரியுமா?

அந்த நாட்களில் சபைக்குள் ஒரு பேச்சு ஓடியது. "பிரசங்கியார் ஊழியத்த விட்டுட்டாராமே." "பாவம், பின்வாங்கிட்டாரு போல." இப்படிப் பேசினவர்கள் சிலர் இன்றைக்கு முன்வரிசையில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இருக்கட்டும். அழுதுவிட்டுப் போகட்டும். அவர்கள் பேசினது எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. அண்ணனே அதை நம்பிவிட்டார் பாருங்கள், அதுதான் வலித்தது.

ஒரு மத்தியானம் பின்வாசல் படியில் அடிப்பிடித்த பாத்திரம் ஒன்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தலை நிமிராமலே சொன்னார். "தம்பி, எனக்கு ஜெபம் வரமாட்டேங்குது. மொழங்கால் போட்டா கழுவாத பாத்திரம் ஞாபகம் வருது. பாத்திரத்துல கைய வெச்சா மேடை ஞாபகம் வருது. கர்த்தர் என்னைத் தூக்கி ஓரமா வெச்சிட்டாரு."

இடி மாதிரி பேசினவர், காதைக் கிட்டே வைத்துக் கேட்க வேண்டிய குரலில் இதைச் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம். ஆண்டவர் என்னை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டே இந்த மனுஷன் ஒரு நாள் கண்ணை மூடிவிடுவாரோ? ஊருக்கெல்லாம் நம்பிக்கை சொன்னவர் தனக்கு நம்பிக்கை இல்லாமல் போய்விடுவாரோ? வேன் ஓட்டும்போதும் இதே நினைப்பு. உங்களில் யாராவது அவருக்காகக் கவலைப்பட்டிருந்தால், அவருடைய உடம்பைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ கவலைப்பட்டிருப்பீர்கள். நான் கவலைப்பட்டது இதற்கு.

இனி பால் கதையைச் சொல்கிறேன். அண்ணி, கோபித்துக்கொள்ளக் கூடாது.

அண்ணன் அடுப்பில் பாலை வைப்பார். அது காய்வதற்குள் ஒரு சின்ன ஜெபம் செய்துவிடலாம் என்று நினைப்பார். அவருக்குச் சின்ன ஜெபம் என்று ஒன்று உண்டா? கண்ணை இறுக மூடிக்கொண்டு உலக நாடுகளில் ஆரம்பிப்பார். நம் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் பால் பொங்கி, வழிந்து, அடுப்பை அணைத்திருக்கும். தினமும் இதே கதைதான். ஒரு நாள் நானும் அடுப்படியில் இருந்தேன். பாலைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் கூடவே இருந்தேனே, என்ன செய்தேன் தெரியுமா? அவர் ஜெபத்தை ஆரம்பித்ததும் நானும் கண்ணை மூடிக்கொண்டேன்! ஜெப நேரத்தில் கண்ணைத் திறந்து பார்க்கலாமா? சிறுவயதிலிருந்து அப்படியல்லவா வளர்த்திருக்கிறார்கள் நம்மை!

உள்ளறையிலிருந்து அண்ணி கத்துகிறார், "ஏங்க! பாலு! பாலு!" எங்கள் இருவருக்கும் காதில் விழுகிறது. தீய்ந்த வாசனையும் மூக்கில் ஏறுகிறது. ஆனால் 'ஆமென்' வராமல் எப்படிக் கண்ணைத் திறப்பது? அண்ணன் அவசர அவசரமாக இரண்டு நாடுகளை விட்டுவிட்டு, "ஆமென்!" என்று ஒரு முழக்கம் முழங்கினார். நானும் "ஆமென்!" என்றேன். அப்புறம் ஓடினோம். ஓடி என்ன பிரயோசனம்? பாத்திரத்தில் ஒரு வாய்ப் பால்கூட மிஞ்சவில்லை.

அண்ணன் துடைக்கிற துணியும் கையுமாக, அடிவாங்கின முகத்தோடு அண்ணியின் அறை வாசலில் போய் நின்றார். அண்ணிக்கு அப்போது பேச்சு மெல்ல மெல்லத்தான் வரும். ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைப்பார்.

"கண்ணத் தொறந்துக்கிட்டு ஜெபம் பண்ணுங்க."

"கண்ணத் தொறந்துக்கிட்டா? அது ஜெபமா?"

"என்னைக் கண்ண மூடிக்கிட்டா பாத்துக்கிறீங்க? ஆண்டவரு அங்கதான அடுப்புகிட்ட நிக்கிறாரு. பாலையும் பாருங்க, அவரயும் பாருங்க. கோவிச்சுக்க மாட்டாரு."

அண்ணி மூச்சு வாங்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சொன்னார்.

"நீங்க ஊரூராப் போயிட்டீங்க. நான் இத்தன வருஷமா இப்படித்தான் பண்ணேன். கரண்டியும் கையுமாத்தான் பண்ணேன். உங்க கூட்டத்துக்கெல்லாம் வேற யாரு ஜெபிச்சான்னு நெனச்சீங்க?"

சபையாரே! நாங்கள் கூட்டம் கூட்டமாகப் போய் ஊரை அசைத்தோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தோமே, அது எங்கிருந்து அசைந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அண்ணன் திரும்பிப் போய் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். முதுகு குலுங்கியது. நான் சத்தமில்லாமல் வெளியே வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை என்னவென்று சொல்ல! அடுத்த வீட்டுத் தையல்காரம்மாவைக் கேளுங்கள், அதோ தூணோரம் நிற்கிறார். பாத்திரம் உருள்கிற சத்தமும் ஸ்தோத்திரமும் சேர்ந்தேதான் சுவரைத் தாண்டி வருமாம். மறுபடியும் இடி இடிக்க ஆரம்பித்துவிட்டது! குளியலறைத் தரையைப் பிரஷ் போட்டுத் தேய்ப்பார், "ஆண்டவரே, இவ வழுக்கி விழுந்துடக் கூடாது, ஆண்டவரே, ஒருத்தரும் வழுக்கி விழுந்துடக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே. சபையில் குடியால் விழுந்தவர், கோபத்தால் விழுந்தவர், எல்லாரும் அந்தத் தரையில் வந்துவிடுவார்கள். "அண்ணே, நீங்க இப்ப தரை தேய்க்கிறீங்களா, ஜெபம் பண்றீங்களா?" என்று ஒரு நாள் கேட்டேன். "பிரிச்சுப் பாக்கத் தெரியல தம்பி. காலத் தூக்கு, அங்க ஈரம்" என்றார்.

அவரை ஒரேயடியாகப் பரிசுத்தவானாக்கிவிட நான் வரவில்லை. கோபமும் வரும். ஒற்றை ஆளாகப் படுக்கை விரிப்பை மடிப்பதைப்போல ஒரு சோதனை உலகத்தில் கிடையாது என்பார். ஒரு முனையை மோவாயில் இடுக்கிக்கொண்டு மல்லாடுவார், அது நழுவித் தரையில் விழும், "சனியனே!" என்பார், உடனே "மன்னியும்" என்பார், மறுபடியும் எடுப்பார். அண்ணி படுத்தபடியே சிரிப்பார். பக்கவாதம் வந்த பிறகு அண்ணி வாய்விட்டுச் சிரித்தது அந்த விரிப்பைப் பார்த்துத்தான்.

இப்படி இருக்கும்போது, நம் சபையின் பெரிய கன்வென்ஷன் கூட்டத்துக்குப் பேச வரச்சொல்லி அழைப்பு வந்தது. இத்தனை காலமும் அண்ணன் உள்ளூர ஏங்கிக்கொண்டிருந்த அதே மேடை! மூப்பர் ஐயா, நீங்கள்தான் நேரில் போய் அழைத்தீர்கள். தலையைக் குனியாதீர்கள், நல்ல காரியம்தானே செய்தீர்கள்! எனக்குக் கால் தரையில் படவில்லை. வேனைக் கழுவினேன், இருக்கைக்குப் புது உறை போட்டேன், அதைக் காட்ட வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தி ஹார்ன் அடித்தேன்.

அண்ணன் தலையை வெளியே நீட்டி, "நான் வரலன்னு மூப்பர்கிட்ட அப்பவே சொல்லிட்டேனே தம்பி. கூட்டத்தன்னைக்கு இவளுக்குத் தலை குளிப்பாட்டணும். முடி காய்றதுக்கு நேரமாகும்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "அண்ணே, உங்களுக்குப் பைத்தியமா? தலைய மறுநாள் குளிப்பாட்டக் கூடாதா? இல்ல, அவங்க தங்கச்சி வந்து குளிப்பாட்ட மாட்டாங்களா?" என்று வாசலிலேயே கத்திவிட்டேன்.

"குளிப்பாட்டுவாங்க. நான்தான் விட்டுக்குடுக்க மாட்டேன்" என்று சிரித்தார். "தம்பி, அவரு என்னை ஓரமா வெக்கல. வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்திருக்காரு. எனக்குத்தான் புரிய இவ்வளவு நாளாச்சு."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் லேசில் நம்புகிற ஆள் அல்ல. கிடைக்காததற்கு மனதைத் தேற்றிக்கொண்டு பேசுகிறாரோ? எனக்காகச் சொல்கிறாரோ? தனியாக இருக்கும்போது அந்தப் பழைய நினைப்பு வந்து அரிக்குமோ? இந்தச் சந்தேகம் என்னை விடவே இல்லை. போன வாரம் அவர் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தபோதும் முதலில் நினைவுக்கு வந்தது அதுதான். கடைசி நேரத்தில் அவர் மனதில் என்ன இருந்திருக்கும்?

ஓடினேன். அடக்கம் எல்லாம் முடிந்து, கூட்டம் கலைந்த பிறகு அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்கக் கூடாதுதான். கேட்டுவிட்டேன். "அண்ணி, அண்ணன் எப்படிப் போனாரு?" அண்ணியின் கட்டிலுக்கு எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே துணிக்கொடி. அண்ணி சொன்னதை அண்ணியின் வார்த்தையிலேயே சொல்கிறேன்.

"துணி ஒதறிக் காயப்போட்டுக்கிட்டு இருந்தாரு. வாய் பேசிக்கிட்டே இருந்துச்சு. 'யாருகிட்டங்க பேசுறீங்க'ன்னு கேட்டேன். 'உன் தலகாணி ஒற எவ்வளவு வெளுப்பா வந்திருக்குன்னு அவருகிட்ட காட்டிக்கிட்டு இருக்கேன்'னாரு. சிரிச்சாரு. அப்புறம் கொடியப் பிடிச்சுக்கிட்டு மெதுவா உக்காந்தாரு. அவ்வளவுதான் தம்பி."

காட்டிக்கொண்டிருந்தாராம்! சபையாரே, கேட்டீர்களா? தலையணை உறையை ஆண்டவரிடம் காட்டிக்கொண்டிருந்தாராம்! ஒதுக்கப்பட்டவன் பேசுகிற பேச்சா இது? அதைக் கேட்ட பிறகுதான், எத்தனையோ காலமாக நெஞ்சில் ஏற்றிவைத்திருந்த பாரத்தை இறக்கினேன். அண்ணியின் காலடியில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைபோல அழுதேன். அது துக்கத்தில் அழுத அழுகை இல்லை. அப்பாடா என்று அழுத அழுகை.

அண்ணா! எங்கள் பிரசங்கியாரே! நீங்கள் பேசிய பேச்சுகளில் பாதி எனக்கு மறந்துவிட்டது. ஒலிபெருக்கியிலேயே கண்ணாக இருந்தேன், மன்னியுங்கள். நீங்கள் தேய்த்த தரை மட்டும் மறக்காது!

கடைசியாக, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அண்ணியின் தங்கை அந்த வீட்டில் தங்கிவிடச் சம்மதித்திருக்கிறார். ஆனால் எல்லாப் பாரத்தையும் அவர் தலையில் கட்டிவிட்டு நாம் இங்கே பாட்டுப் பாடிக்கொண்டிருந்தால் அது அடுக்குமா? பெண்கள் ஐக்கியத்தார் முறைவைத்துப் போகிறோம் என்று எழுந்தீர்கள். சகோதரிகளே, தயவுசெய்து உட்காருங்கள். நீங்கள் செய்தது போதும். சுவிசேஷக் குழுவின் ஆண்கள் நாங்கள் போகிறோம். துணி துவைப்போம், தரை தேய்ப்போம், விரிப்பு மடிக்க இரண்டு பேராகப் போவோம். குழறுபடி செய்தால் அண்ணி கட்டிலில் இருந்தபடியே எங்களைத் திட்டலாம். வேறு எந்த நினைவுச்சின்னமும் அவருக்கு வேண்டாம். இதையே செய்வோம் என்று இந்தச் சபைக்கு முன்பாக வாக்குக் கொடுக்கிறேன்.

ஆயர் ஐயா ஆசீர்வாதம் கூறுவதற்கு முன் ஒரே ஒரு விண்ணப்பம், ஆண்களிடம் மட்டும். கூட்டம் தொடங்குமுன் உங்களுக்குத் தேநீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டுக் கோப்பையை நாற்காலிக்குக் கீழே தள்ளி வைத்திருக்கிறீர்கள், இங்கே நின்று பார்த்தால் எல்லாம் தெரிகிறது. போகும்போது அவரவர் கோப்பையை அவரவர் எடுத்துக்கொள்ளுங்கள். ஆலயத்துக்குப் பின்பக்கம் குழாய் இருக்கிறது, சோப்பும் வைத்திருக்கிறேன். மேடையில் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வாருங்கள், முதலில் நான் போகிறேன்.